ஐந்தாவது குழி

நான்காவது வெடிச்சத்தம் பாறையில் மோதித் திரும்பியதும் மேஸ்திரி பலகையைப் பார்த்தார். சுண்ணக்கட்டியால் எழுதிய ஒற்றை எண். நான்கு. கணக்கு சரி என்று விசிலை ஊதினார்.

கல்குவாரியில் இதற்கொரு முறை உண்டு. எத்தனை குழிகளில் வெடிமருந்து கிட்டித்து அடைத்திருக்கிறார்களோ, அந்த எண்ணைத் திரி கொளுத்துகிறவன் பலகையில் எழுதிவிட்டு ஓடிவர வேண்டும். ஒதுங்கி நிற்பவர் சத்தங்களை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. எங்கோ ஒரு திரி இன்னும் புகைகிறது என்று பொருள். எழுதுகிறவனும் படிக்கிறவரும் ஒரே எழுத்தைப் படித்தவர்களாக இருக்கும்வரை பிசகு வராது. இன்று திரி கொளுத்திய வெடிக்காரன் வேறு பாஷைக்காரன். வந்து ஒன்பது நாள்தான். அவனுடைய எழுத்தில் ஐந்து என்பது, தலை மூடாமல் எழுதிய நம் ‘4’ போலவே இருக்கும். காலில் மட்டும் சின்ன வளைவு. அவசரத்தில் எழுதினால் அதுவும் இருக்காது.

மேஸ்திரியின் மச்சினன் பொக்லைனைக் கிளப்பிக்கொண்டு பாறையை நோக்கிப் போனான். வெடிக்காரன் கத்தியபடி ஓடிவந்து, விரித்த ஐந்து விரல்களை மேஸ்திரியின் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“என்னடா, துரைக்கு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் வேணுமா? உங்கப்பனா வந்து கல்லை அள்ளுவான்?”

அவன் பொக்லைனைக் காட்டிக் காட்டி விசிலைப் பிடுங்கினான். மேஸ்திரி ஓங்கி அறைந்தார். அவன் தலையால் முட்டினான். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் மேஸ்திரிக்குத் தொண்டைக்குள் கேட்டது. வாயெல்லாம் ரத்தம்.

மச்சினன் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, இரும்புக் கம்பியோடு ஓடிவந்தான்.

“மாமா மேலயே கை வைக்கிறியா? உன் தோலை உரிக்கிறேன் பாரு!”

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதில் முழங்கை பிசகித் தொங்கியது. அடிபட்டவன் தப்பி ஓடவில்லை. “போதும்டா, வா, வண்டியை எடு” என்று மேஸ்திரி ரத்தத்தைத் துப்பியபோது, மச்சினனின் காலை அவன் நல்ல கையால் இறுகக் கட்டிக்கொண்டான்.

“விடுடா நாயே!”

கம்பி மூன்றாம் முறை உயர்ந்தபோது தரை அதிர்ந்தது.

கல்மழை ஓய்ந்ததும் மேஸ்திரி தலைநிமிர்ந்தார். பொக்லைனின் முன்கண்ணாடி இல்லை. ஓட்டுகிற இருக்கையில், ஆள் உட்கார்ந்திருப்பது போல, ஒரு பாறைத்துண்டு.

“அஞ்சு” என்றார். யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளைப் புழுதி மூவர் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சினனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. காலைக் கட்டியவன் இன்னும் தலைகுனிந்து அடுத்த அடிக்காகக் காத்திருந்தான்.