மணி கட்டிய கார்

இருதய அருணுக்குச் சத்தம் என்றாலே ஆகாது. ஆனால் அவன் பிழைப்பே சத்தத்தில்தான். திண்டிவனத்தில் ஜெனரேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல், ஜவுளிக்கடை முதல் ஜெராக்ஸ் கடை வரை வாசலுக்கு வாசல் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாம் அவன் கைபட்டவைதான். வருமானம் வந்தது, காது போய்க்கொண்டிருந்தது. தலையணையில் தலை வைத்தாலும் உள்ளே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பான். அவன் மனைவி லூர்துசெல்வி அதைக் கேட்கும்போதெல்லாம் காது டாக்டரிடம் போகச் சொல்வாள்.

அப்படிப்பட்டவன் சத்தமே போடாத கார் ஒன்றைச் செய்யக் கிளம்பியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? விபத்தில் நொறுங்கிய பழைய கார் ஒன்றை வாங்கிப் போட்டான். எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு மோட்டார் வைத்தான். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிகளை அடுக்கினான். மேலே ஃபைபரில் தாழ்வான, மூக்கு நீண்ட உடம்பு. பெயிண்ட் ரத்தச் சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். கரண்டே வராத ஊரில் கரண்ட் காரா என்று கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

லூர்துசெல்வியும் சிரித்தவள்தான். கார் தயாரானதும் புதுச்சேரி ரோட்டில் அவளை முதலில் ஏற்றிக்கொண்டு போனான். மிதித்ததும் யாரோ அவளைச் சீட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. புகை இல்லை, உறுமல் இல்லை, கியர் மாற்றும் இழுபறி இல்லை. பெரிய பெரிய கார்களெல்லாம் பின்னால் நின்றுவிட்டன. கல்யாணமான நாளாக ஜெனரேட்டருக்கு மேலே கத்திக் கத்தியே குடும்பம் நடத்திய இருவரும் அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காரை அவளும் ஆசைப்பட்டாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிளியனூரில் லூர்துசெல்வியின் அம்மா ஊருக்குத் திரும்பும் ரோட்டில் ஒரு காக்கை எதையோ கொத்திக்கொண்டிருந்தது. கார் பக்கத்தில் போயும் அது பறக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் லேசாக ஏதோ நெரிந்தது. பறந்துவிடும் என்று நினைத்ததாக அருண் சொன்னான். நாய் அடிபட்டு அவள் பார்த்திருக்கிறாள், கோழி, ஆடு எல்லாம் பார்த்திருக்கிறாள். வண்டியில் அடிபட்ட காக்கையை அதுவரை பார்த்ததே இல்லை. கொஞ்சம் முன்பு வந்த சந்தோஷம் அப்படியே வற்றிப் போயிற்று.

அவள் அம்மா லூசியா அந்த ஊரில் தனியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். அறுவடை நாட்களில் அங்கே பாதி ரோடு களமாகிவிடும். திண்டிவனத்திலிருந்து வருகிறவர்களுக்கு இடது கைப் பக்கம் கேப்பையோ உளுந்தோ பரப்பியிருக்கும். வருகிற வண்டி மேலே ஏறிப் போனால் பாதி வேலை மிச்சம். மற்றப் பாதி ரோட்டை, மறுமுனையில் பாண்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிகளுக்காக, வெறுமனே விட்டு வைப்பார்கள். பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டித் தடியால் அடித்துக்கொண்டிருப்பார்கள். கண் வேலையில் இருக்கும், காது ரோட்டில் இருக்கும். வருவது பஸ்ஸா, லாரியா, பால் வண்டியா என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்து விலகுவார்கள். லூர்துசெல்வியும் கல்யாணத்துக்கு முன்னால் அந்த ரோட்டில் உளுந்து அடித்தவள்தான். அதனால்தான் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவள் பயந்தபடியே ஆயிற்று. தை மாதம் கேப்பை அடித்துக்கொண்டிருந்த கிளியம்மாளின் முந்தானையைக் காரின் கண்ணாடி இழுத்துக் கிழித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, லூசியாவுக்கு உயிர் சிநேகிதி. கீழே விழுந்த இடத்திலிருந்தே பேய் மாதிரி வருகிறாயே என்று அருணை வைது தீர்த்தாள். லூசியா மருமகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குள் போய், விற்றுவிட்ட மாட்டின் கழுத்து மணிகளை வாரோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே. இத்த வண்டி முன்னாடி கட்டிக்கினு வாங்க. எங்களுக்குக் காதுதாங்க கண்ணு."

பிறகு அங்கிருந்த பெண்களிடம் திரும்பினாள். மணி கேட்டால் மாப்பிள்ளை திண்டிவனத்திலிருந்து வருகிறார் என்று அர்த்தம், பரப்பிய பக்கம்தான் ஓட்டுவார், எல்லாரும் வெறும் ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

அருணுக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஸ்போர்ட்ஸ் காருக்கு மாட்டு மணியா என்று வழியெல்லாம் முனகினான். ஆனாலும் கட்டினான். அதன் பிறகு அந்த ஊரில் அவனால் ஒரு தொல்லையும் இல்லை. மணி கேட்கும், பெண்கள் எழுந்து வெறும் ரோட்டுக்குப் போவார்கள், கார் போனதும் திரும்பி வந்து தடியை எடுப்பார்கள். அவன் திரும்பிப் போவது இருட்டிய பிறகுதான், அப்போது ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் பயந்து பயந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதையும் விட்டுவிட்டார்கள். மணிதான் இருக்கிறதே.

பங்குனியில் விழுப்புரத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் வாகனக் கண்காட்சி வைத்தார்கள். பெட்ரோல் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கென்று தனிப் பந்தல், தனிப் பரிசு. கோயம்புத்தூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. அருணுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் மணிகளை அவிழ்த்துப் பட்டறை மேசையில் வைத்தான்.

"அம்மா ஊட்டுப் பக்கம் போக மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள் லூர்துசெல்வி.

"நான் ஏன் அங்க போறேன்? ஹைவேல நேரா போய் நேரா வர்றேன். வந்து கட்டிடறேன் செல்வி."

அவளும் சரி என்றாள். அவ்வளவு பேர் முன்னால் அவன் மாட்டு மணியோடு நிற்பதை அவளாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மதியத்துக்கு முன்னாலேயே போன் வந்தது. முதல் பரிசு. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். கம்பெனிக்காரர் ஒருவர் காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம், சத்தத்தைத் தேடிக் காதைக்கூட வைத்துப் பார்த்தாராம்.  கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னான்.

"கப்ப மொதல்ல அத்தை கையிலதான் குடுக்கணும். மணி கட்டச் சொன்னவங்களாச்சே. வளவனூர் வழியா, அப்படியே பாண்டி பக்கமா வந்து ஊருக்குள்ள போயிடறேன். நீயும் பஸ் புடிச்சு வந்துடு."

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கார் ஓட்டும்போது போனை அணைத்துவிடுவான், அந்த நிசப்தத்துக்கு நடுவில் எதுவும் குறுக்கே வரக் கூடாது அவனுக்கு. உளுந்து இன்றைக்குத்தான் அடிக்கிறோம் என்று அம்மா நேற்றே சொல்லியிருந்தாள். அம்மாவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ரோட்டில் வேலை செய்கிறவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டா இருப்பாள்?

லூர்துசெல்வி பட்டறைக்குள் போனாள். மேசை மேலிருந்த மணிகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். புதுச்சேரி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. வழி நெடுக ஜெபமாலை சொன்னாள். எத்தனை மணி சொன்னோம், எங்கே விட்டோம் என்றே தெரியவில்லை. அவன் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அம்மாவை ரோட்டைவிட்டு எழுப்பிவிட்டால் போதும். அதற்கு மேல் அவள் மாதாவிடம் எதுவும் கேட்கவில்லை.

கிளியனூரில் இறங்கி ஊர் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தூரத்தில் தலைத்துண்டுகள் தெரிந்தன. இடது பாதியில் உளுந்துச் செடி கறுப்பாகப் பரவிக் கிடந்தது. அம்மா, கிளியம்மாள், இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கார் இன்னும் வரவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அம்மாவைக் கூப்பிட்டாள். தடிகள் விழும் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. ஓடி ஓடி மூச்சு வாங்கியதில் குரலும் எழும்பவில்லை.

பையிலிருந்து மணிகளை எடுத்து உயர்த்திப் பிடித்து ஆட்டினாள்.

உடனே தடிகள் நின்றன. சொல்லி வைத்தபடியே எல்லாரும் எழுந்து வெறும் ரோட்டுக்குப் போய் அவள் பக்கம் பார்த்து நின்றார்கள். லூசியா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மகள் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

"இன்னாடி இது, காரு எங்க? நீயே மணி கட்டிக்கினு வர்ற?"

அவர்களுக்குப் பின்னால், கரும்புத் தோட்டம் மறைத்த வளைவில், சிவப்பாக ஒன்று திரும்பியது. பாண்டிப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு அந்த வெறும் பாதிதான் வழி. லூர்துசெல்வி பார்த்துவிட்டாள். போங்கள், அந்தப் பக்கம் போங்கள் என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். வீசிய கையில் மணிகள் இன்னும் பலமாகக் குலுங்கின. மணிக்குப் பழகிய கால்கள் வெறும் ரோட்டில் இன்னும் உள்ளே தள்ளி ஒதுங்கின. ஹாரன் அலறியபோது லூசியா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

கிளியம்மாள் உளுந்துக் குவியலில் போய் விழுந்ததால் பிழைத்தாள். லூசியா பிழைக்கவில்லை.

போலீஸ் வந்தபோது அருண் ரோட்டோரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோப்பை காருக்குள்ளேயே கிடந்தது. வண்டி வருவதை யாரும் கவனிக்கவில்லையா, ரோட்டின் நடுவில் எதற்காக நின்றீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கையில் கட்டோடு கிளியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"மணி கேட்டுதுங்க சார். மணி கேட்டா இந்தப் பக்கம் வந்துடணும்னு லூசியாதான் சொல்லி வெச்சுது. அதான் வந்து நின்னோம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து காரின் முன்புறத்தைப் பார்த்தார். வார் கட்டியிருந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்த தடம் மட்டும் இருந்தது. மணி எங்கே என்று கேட்டார். 

லூர்துசெல்வி கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கீழே போட்டுவிடலாம் என்றால் விரல்கள் வாரை விட மறுத்தன. கையை உதறினாள், மணிகள் ஒலித்தன. சத்தம் கேட்டதும் அங்கே நின்றிருந்த பெண்கள் எல்லாரும், தங்களை அறியாமலே, வெறும் ரோட்டுப் பக்கம் ஓரடி ஒதுங்கினார்கள்.