முதல் காட்சியில் செத்தவள்

உமாசங்கர் போனில் சிரிக்கிற சிரிப்பு அவன் மனைவி விஷ்ணுப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை. அவன் வீட்டில் சிரிப்பதே இல்லையென்று சொல்ல முடியாது. டிவியைப் பார்த்துச் சிரிப்பான், தம்பி அனுப்புகிற வீடியோவைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் இது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளால் ஒருமுறைகூட அவனிடமிருந்து வாங்க முடியாத சிரிப்பு. கழக்கூட்டத்து ஆபீசில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற ஆஷா அதைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்றால், ஜாம்பி. செத்த பிறகு எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைக் கடிக்கிற பிணங்கள். கடிபட்டவனும் பிணமாகி அடுத்தவனைக் கடிப்பான். இந்த மாதிரிப் படம் ஒன்றையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. இன்னொருத்தி புருஷனோடு அரசியல் பேசட்டும், ஆபீஸ் வம்பு பேசட்டும், பொறுத்துக்கொள்ளலாம். பிணத்தைப் பற்றிப் பேசி அப்படி என்ன இழைவு வேண்டிக்கிடக்கிறது?

விஷ்ணுப்ரியாவுக்குப் பொறாமை. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவும் இல்லை. ஆஷா நல்ல பெண், கல்யாணமானவள், கைக்குழந்தைக்காரி, எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கேட்டேவிட்டாள்.

"அப்படி என்னாக்கும் சிரிப்பு?"

"ஜாம்பி வந்தா எப்படித் தப்பிக்கறதுன்னு ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒரு பிளான் போட்டிருக்கோம், கேட்டியோ. ஆஷாவோடதும் என்னோடதும் ஒரே பிளான்."

"என்ன பிளான்?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஆசை ஆசையாகச் சொன்னான். காலை நேரம், எல்லாரும் ஆபீசில். கேன்டீனில் யாரோ யாரையோ கடிக்கிறார்கள். இவனும் ஆஷாவும் பின்பக்கப் படி வழியாக இறங்கி, அவள் ஸ்கூட்டரில் ஏறி, பைபாஸில் நேரே விழிஞ்ஞம். அங்கே துறைமுகத்தில் கன்டெய்னர் மேல் ஏறிக்கொண்டால் ஜாம்பியால் ஏற முடியாது. அப்புறம் படகு, கடல்.

"செரி. நான் எங்கே?"

உமாசங்கர் மடக்கியிருந்த காலை நீட்டிக்கொண்டான்.

"நீ கோட்டைக்குள்ள, நம்மாத்துல இருக்கே. பக்கத்துலேயே கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட், எத்தனை கூட்டம்! அங்கேதான் முதல்ல பரவும். அதனால..."

"அதனால?"

"முதல் பத்து நிமிஷத்துலேயே உன்னைக் கடிச்சுடறது, ப்ரியா. எல்லாப் படத்துலயும் அப்படித்தான். ஹீரோவோட ஆத்துக்காரி முதல் சீன்லயே போயிடுவா. பின்னேதானே கதை!"

"என்னைத் தேடி வரமாட்டேளா?"

"ரோடெல்லாம் பிளாக்காக்கும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் பேசிக்கொண்டாள். கழக்கூட்டத்திலிருந்து பைபாஸில் விழிஞ்ஞம் போகிறவன் ஈஞ்சக்கலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஈஞ்சக்கலில் இடப்பக்கம் திரும்பினால் கோட்டை, வீடு. விழிஞ்ஞம் வரைக்கும் திறந்திருக்கிற ரோடு, வீட்டுக்கு வர மட்டும் பிளாக்காம். திரும்பாமலே போயிருக்கிறான், பாவி.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் லேப்டாப்பைத் திறந்து ஒரு ஜாம்பி படம் போட்டாள். அதில் அப்படி என்ன ரசம் என்று தெரிந்தாக வேண்டும். முதலில் குமட்டியது. பாதிப் படத்தில் விஷயம் பிடிபட்டது. பிணங்களுக்காக யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஊர் காலியாகிவிடுகிறதே, அதற்காகப் பார்க்கிறார்கள். யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமோ அவர்கள் அத்தனை பேரும் போய்விடுகிறார்கள், நம் மேல் ஒரு குற்றமும் இல்லாமல். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனான் என்று யாரும் பேச முடியாது. அவளை ஜாம்பி கடித்துவிட்டது, அவன் என்ன செய்வான்? ஒரு நிமிஷம் அழுதுவிட்டு ஸ்கூட்டரில் ஏற வேண்டியதுதான்.

இது புரிந்ததும் வயிறு இன்னும் எரிந்தது. ஆனாலும் அடுத்த நாள் இன்னொரு படம் போட்டாள். அதற்கடுத்த நாளும். தள்ளாடி வருகிற பெண் பிணங்களுக்கெல்லாம் ஆஷாவின் முகத்தை ஒட்டிப் பார்த்தாள், பொருந்தியது. கதாநாயகி இரும்புக் கம்பியால் ஒன்றின் மண்டையில் போட்டபோது, "நன்னா வேணும்!" என்று வாய்விட்டே சொன்னாள். சொன்னபோது கிடைத்த சுகம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் காபி குடிக்கும்போது சொன்னாள். "எனக்கும் ஒரு பிளான் உண்டு."

"நெஜமாவா? சொல்லு, சொல்லு!"

"எங்கேயும் ஓட வேண்டாம். நம்மாத்துலேயே இருந்தாப் போதும். ஆத்துக்குள்ளேயே கிணறு. ஒரு மாசத்துக்கு அரிசி, பருப்பு, ஊறுகாய். வாசல் கதவு தேக்கு, மேல ஒரு தாழ், கீழ ஒரு தாழ். தெரு முழுக்க ஒட்டின வீடு, ஆபத்துன்னா ஓட்டு மேலேயே கடைசி வரைக்கும் போயிடலாம்."

அவன் கண் விரிந்தது. "அட! இது எனக்குத் தோணவே இல்லையே. நாளைக்கு ஆஷாகிட்ட சொல்லணும்!"

சும்மா இருந்தவளை அந்தப் பெயர் உசுப்பிவிட்டது.

"கூட ஸ்ரீகண்டன் இருப்பார்," என்றாள்.

ஸ்ரீகண்டன் அடுத்த வீடு. பேங்கில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, காலையில் கொல்லையில் நின்று எடை தூக்குவான்.

"அவன் எதுக்கு?"

"ஜாம்பியை அடிக்க ஆள் வேண்டாமா? ஓட்டு வழியா இறங்கி வந்துடுவார்."

"அப்போ நான்?"

"உங்களை முதல் பத்து நிமிஷத்துலேயே கடிச்சுடறது. பின்னேதானே கதை."

உமாசங்கர் டம்ளரைக் கீழே வைத்தான். "அவனோட நீ எப்போ பேசினே?"

"வெறுதே ஒரு பிளான்தானே. இதுக்கெல்லாம் பேசணுமா என்ன?"

"நான் ஈஞ்சக்கல்ல திரும்பி இங்கே வந்துடறேன், ப்ரியா. ஆஷா தனியாப் போகட்டும்."

"வாங்கோ. ரெண்டு தாழும் போட்டிருக்கும்."

அவன் முகம் சுண்டிவிட்டது. போன் அடித்தது. ஆஷா. அவன் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ரீகண்டன் யாரையோ கூப்பிடுகிற குரல் கேட்டதும் சட்டென்று திரும்பிப் பார்த்தான். எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று விஷ்ணுப்ரியா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த வாரம் பார்த்த எந்தப் படமும் அவளுக்கு இவ்வளவு பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. இந்தக் கதையை அவள் தினமும் மத்தியானம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். மேல் தாழைப் போடுவாள். கீழ்த் தாழுக்குக் குனியும்போது, இவர் வந்தால் எப்படி உள்ளே வருவார் என்று தோன்றும். மேல் தாழையும் எடுத்துவிட்டு, கதவை ஒருக்களித்துத் திறந்து தெருவை எட்டிப் பார்ப்பாள். ஸ்கூட்டர் வருகிறதா என்று பார்ப்பாள். வராது. வாயெல்லாம் ரத்தமாக ஸ்ரீகண்டன்தான் வருவான். ஒவ்வொரு நாளும் அந்த இடத்திலேயே அவளைக் கடித்துவிடுவான்.

ஆக, உமாசங்கர் சொன்னது சரிதான். அவள் முதல் பத்து நிமிஷத்திலேயே சாகிறாள். ஏன் சாகிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அதை அவனிடம் சொல்கிற எண்ணமும் அவளுக்கு இல்லை.