விழுங்காமல் ருசிப்பது

மூன்றாவது போத்தலும் மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. மேசைக்கு ஒன்றாக வைத்த வாளிகள் மட்டும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தன. ஊற்றிக்கொண்டு வந்த டொலறஸ் ஒரு வாளியை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தாள்.

வைன் ருசி பார்க்கிறவர்கள் வைனை விழுங்குவதில்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி அலசி, பிறகு வாளியில் துப்பிவிடுவார்கள். பகட்டுக்காகச் செய்வதில்லை. வைன் விளையும் ஊர்களைச் சுற்றிப் பார்க்கப் போனால் ஒரு நாளைக்கு நாலு நிலவறை. ஒவ்வொன்றிலும் ஐந்து வகை ஊற்றித் தருவார்கள். எல்லாவற்றையும் விழுங்குகிறவருக்கு இரண்டாவது நிலவறையிலேயே நாக்கு மரத்துவிடும். மூன்றாவதில் அவரைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். துப்பத் தெரியாத கூட்டத்தை எந்த வழிகாட்டியும் கூட்டிக்கொண்டு போக முடியாது.

லண்டனில், அப்டன் பார்க்கில் பரமேஸ்வரனின் சாப்பாட்டுக்கடைக்கு மேலே, பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம் அது. அந்த ஞாயிறு பின்னேரம் அங்கே கூடியிருந்தவர்கள் எல்லோரும் குட்மேய்ஸ், டூட்டிங் பக்கங்களில் மதுபானமும் விற்கிற கடைக்காரர்கள். எல்லோரும் மரியாதையாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய குரல் இப்போதே ஒரு படி ஏறியிருந்தது.

கடைசி வரிசையில் ஹெலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போர்தோ, றியோகா, தஸ்கனி, மோசல் என்று ஆங்கிலேயர்களை வைன் ஊர்களுக்கு அழைத்துப்போகும் சிறிய நிறுவனம் அவருடையது. டொலறஸ் அங்கே நாலு வருடமாகத் தொலைபேசியில் பதிவு எடுக்கிறாள். வங்கிகள் விழுந்து, பவுணின் மதிப்பும் இறங்கி யூரோவுக்குப் பக்கத்தில் வந்தபிறகு, அந்த 2009ஆம் ஆண்டில் தொலைபேசி அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. செப்ரெம்பர் முடிவோடு அந்த வேலையை நிறுத்தவேண்டியிருக்கும் என்று ஹெலன் வருத்தத்தோடுதான் சொன்னார். அப்போதுதான் டொலறஸ் கேட்டாள்: எங்கள் கடைக்காரர்கள் வைன் விற்கிறார்கள், ஆனால் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கண்டதில்லை. ஒக்ரோபரில் ஷாம்பெய்ன் பகுதிக்கு அவர்களை நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா?

அவளுக்கு அந்த ஊர் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் பிரான்சுக்குப் போனவள், எப்பெர்ணேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வைன் செய்கிற ஒரு குடும்பத்துக்குத் திராட்சைப் பழம் பறிக்கத் தொடங்கி, பின்பு அவர்களுடைய நிலவறையில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்கு வந்தாள். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு மாறியபோது அவள் உண்மையில் இழந்தது அந்த வேலையைத்தான். ஹெலன் சரி என்றார். முதலில் ஒரு ஒத்திகை வை, நான் வந்து பார்க்கிறேன் என்றார். இதுதான் அந்த ஒத்திகை.

“வாளி சும்மா வைக்கேல்லை,” என்றாள் டொலறஸ் மறுபடியும். “ருசி தெரிஞ்ச உடனே துப்பிப்போடுங்கோ.”

“தங்கச்சி, ஒருத்தர் ஊத்தித் தாறதைத் துப்பினா அவற்ர முகத்தில துப்பின மாதிரியெல்லோ,” என்றார் டூட்டிங் சபாரத்தினம்.

“உமக்கு முகம் பாக்கிற பழக்கம் எப்ப வந்தது,” என்றார் பரமேஸ்வரன். “கடன் கேட்டு வந்தா பின் கதவால ஓடுற ஆள்.” சிரிப்பு அடங்கியதும் டொலறசின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “முன்னால ஆர் இருக்கிறா எண்டு பாரும். அவவுக்கு முன்னால இருமிறதுக்கே நாங்கள் யோசிக்கிறனாங்கள். வாளியில துப்பச் சொல்லுறீர்.”

முன்னால் இருந்தவர் சிவனேஸ்வரி அக்கா. குட்மேய்ஸில் இரண்டு கடைகள். கணவர் காலமானபின் தனியாக நடத்துகிறார். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கடை எடுக்க வழிகாட்டியவர். அவர் போவோம் என்றால் எல்லோரும் போவார்கள். வேண்டாம் என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். மரக்கறிதான் சாப்பாடு. மதுவில் ஒரு துளி நாவில் பட்டதில்லை. அவர் முன்னால் ஊற்றி வைத்த மூன்று கிளாசும் அப்படியே இருந்தன.

“சண்டை முடிஞ்சு எங்கட சனம் முகாமுக்குள்ள கிடக்கிற வருசத்தில இதென்ன வேலை எண்டு ரெண்டு பேர் என்னைக் கேட்டவை,” என்றார் அக்கா, கிளாசுகளைப் பார்த்தபடி. “நாங்கள் இங்க வராட்டிலும் கடையில விக்கிறது விக்கிறதுதானே, விக்கிற சாமானை அறியிறதில என்ன பிழை எண்டு கேட்டன். ஆனா பிள்ளை, இவங்கள் அறியிற மாதிரித் தெரியேல்லை. குடிக்கிற மாதிரித்தான் தெரியுது. பஸ் ஏத்திக்கொண்டு போய் இதைச் செய்யிறதெண்டா நான் ஓம் எண்டு சொல்ல ஏலாது.”

அக்கா சொன்னது சரி. ரோல்சும் வடையும் வந்துவிட்டன, சாப்பிட்டுவிட்டுத் தொடருவோம் என்றாள் டொலறஸ். ஹெலன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டவர்கள் கை கழுவ மண்டபத்து மூலைக்குப் போனார்கள். அங்கே சுவரோடு ஒரு தொட்டி, இரண்டு தண்ணீர்க் குழாய்கள். சபாரத்தினம் முதலில் போனார். கையைக் கழுவினார். ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டு, கன்னம் இரண்டும் உப்ப, களகளவென்று கொப்பளித்து, ‘புளிச்’ என்று துப்பினார். மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து பரமேஸ்வரன், அவரும் அப்படியே. அக்கா பக்கத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தார். முகம் சுளிக்கவில்லை.

டொலறஸ் வடையைக் கடித்தபடி நின்றுவிட்டாள். இவர்களுக்குத் துப்பத் தெரியாமலில்லை. இருந்த இடத்தில், எதிரில் ஆட்கள் இருக்க, சாப்பாட்டுக்கு நடுவே துப்புவதுதான் முடியாது. எழுந்துபோய், முதுகைக் காட்டி, ஓடுகிற தண்ணீரில் என்றால் அது சுத்தம். அதோடு, வைனை வாயில் அலசுவதென்று இவ்வளவு நேரமும் அவள் விளக்கிக்கொண்டிருந்ததைச் சபாரத்தினம் ஒரு கை தண்ணீரில் செய்து காட்டிவிட்டார்.

“பரமேஸ் அண்ணை, அந்த மேசையை ஒருக்காப் பிடியுங்கோ.”

மேசை தொட்டி இருந்த மூலைக்குப் போனது. வாளிகள் கதிரைகளுக்கு அடியில் போயின. நாலாவது போத்தல், ஷாம்பெய்ன். அதைத் திறக்குமுன் அது எப்படி உண்டாகிறது என்று சொன்னாள். சொல்லத் தொடங்கினால் அவளுக்கு நேரம் தெரியாது.

“அப்பமாவு புளிக்கேக்க குமிழி வருதெல்லோ, அதே சங்கதிதான். வைனைப் போத்தல்ல விட்டு, கொஞ்சம் சீனியும் ஈஸ்ட்டும் போட்டு இறுக்கி மூடிவிடுவினம். உள்ளுக்க திரும்பவும் புளிக்கும். வாற காத்துக்கு வெளியில போக வழியில்லை, வைனுக்குள்ளேயே கரைஞ்சுபோகும். பிறகு வருசக்கணக்கில கிடக்கும். கடைசியாப் போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தலைகீழா நிப்பாட்டினா, ஈஸ்ட்டின்ர மண்டி முழுக்கக் கழுத்துக்கு இறங்கும். கழுத்தை மட்டும் உறைய வைச்சு மூடியைக் கழட்டினா, ஐஸ் கட்டியோட மண்டியும் பாய்ஞ்சு வெளியில விழும். வைன் தெளிவா நிக்கும்.”

“மண்டியை எடுக்க இவ்வளவு பாடோ,” என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “பிள்ளை, விழுங்காட்டி அது குடிச்ச கணக்கோ?”

“மருந்துத் தண்ணியில வாய் கொப்பளிச்சா மருந்து குடிச்ச கணக்கோ அக்கா?”

டொலறஸ் போத்தலைத் திறந்து ஊற்றினாள். அக்கா கிளாசை எடுத்தார். எச்சில் படாமல் அண்ணாந்து, உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றினார். நுரை மூக்கில் ஏறியது. தொட்டிக்குள் குனிந்து இருமித் துப்பினார்.

“சோடா மாதிரிக் குத்துது. புளி. வேற ஒண்டுமில்லை. இதுக்கோ சனம் முப்பது பவுண் குடுக்குது?”

“இல்லை அக்கா, பிழை அண்ணாந்ததில. தடிமன் பிடிச்சு மூக்கடைச்சா மீன்குழம்பும் சுடுதண்ணியும் ஒண்டுதானே?”

“எனக்கு மீன்குழம்பு தெரியாது.”

“சரி, ரசம். நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, கைப்பு, உப்பு, அதுக்கு மேல பெரிசா ஒண்டும் தெரியாது. மிச்சமெல்லாம் மூக்கு. மணத்தை வெளியில விடாமப் பிடிச்சு வைக்கத்தான் இந்தக் கிளாசின்ர வாய் ஒடுங்கியிருக்கு. மூக்கை உள்ளுக்க விட்டு மணந்துபோட்டு, பிறகு வாயை வையுங்கோ. இந்தக் கிளாஸ் உங்களுக்கு மட்டும்தான், வேற ஒருத்தரும் தொடமாட்டினம்.”

அக்கா மூக்கைக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். “பாண் மணக்குது. பேக்கரிப் போறணையால இப்பத்தான் எடுத்த பாண்.”

“அதுதான் ஈஸ்ட். கனகாலம் சேர்ந்து கிடந்ததால வாற மணம்.”

ஒரு வாய் எடுத்தார். கன்னம் உப்ப அலசினார். தொட்டிக்குத் திரும்பி, குழாயைத் திறந்து, துப்பினார். வாயைத் துடைத்துவிட்டு, “கடைசியில அப்பிள் காய் மாதிரி ஒண்டு,” என்றார். “தொண்டைக்குள்ள ஒண்டும் போகேல்லை.”

அதற்குப் பிறகு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். அக்கா துப்பிய இடத்தில் துப்ப என்ன வெட்கம்? சபாரத்தினம் பழக்கதோஷத்தில் முதல் வாயை விழுங்கிவிட்டார். “அவரைத் திரும்ப வரிசையின்ர கடைசிக்கு விடுங்கோ,” என்றார் அக்கா.

ஹெலன் வேகமாக எழுந்து வந்தார். யாருக்குமே பிடிக்கவில்லையா, எல்லோரும் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்களே என்று கேட்டார். கொட்டவில்லை, துப்புகிறார்கள் என்றாள் டொலறஸ். ஹெலன் வரிசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பரமேஸ்வரன் கிளாசை வெளிச்சத்தில் பிடித்து, பாணா பிஸ்கட்டா என்று பின்னால் நின்றவரோடு தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார். கைப்பையை ஹெலன் ஒரு கதிரையில் வைத்தார்.

“பிள்ளை,” என்று கூப்பிட்டார் அக்கா. “நான் வாறன். ஆனா வாளி எண்டா வரமாட்டன். தண்ணி ஓடுற தொட்டி இருக்கோணும், கொஞ்சம் ஒதுக்கமா.”

“அக்கா வந்தா நாங்களும்தான்,” என்றார் பரமேஸ்வரன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

டொலறஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நிலவறையில் கை கழுவும் தொட்டி கேட்டு யாரும் தனக்கு எழுதியதில்லை என்றார் ஹெலன். பிறகு, கேட்கவேண்டியது வழிகாட்டியின் வேலை, நாளைக்கே தொடங்கு என்றார்.

திங்கள் காலை அவள் எப்பெர்ணேப் பக்கத்து நிலவறைகளுக்குப் பிரெஞ்சில் தொலைபேசி எடுத்தாள். முதலாமவர் பீப்பாய் கழுவுகிற இடத்தில் பெரிய தொட்டி இருக்கிறது, தாராளமாக வரலாம் என்றார். இரண்டாமவர் கிழவர், கோபக்காரர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாளிதான், ராசா வந்தாலும் வாளிதான் என்றார். யார் இவர்கள், துப்புவதற்கு இவ்வளவு மரியாதை கேட்கிறவர்கள் என்று கேட்டார்.

“என்னுடைய குழு, ஐயா,” என்றாள் டொலறஸ். கதிரையை இழுத்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, அவர் தொலைபேசியை வைத்துவிடுமுன், முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள்.