இரண்டு நிமிடக் கைதட்டல்

வாஷிங்டனிலிருந்து எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வந்திருந்தார். பள்ளி விளையாட்டு அரங்கில் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். மணி அடித்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள்.

என் கணவர் வெர்ல் மூன்று வாரமாகச் சமையலறையில் நின்று பேசிப் பழகியிருந்தார். அவர் முன்பு பணியில் இருந்த விமானப்படைத் தளத்தின் கிணற்றில் தீயணைப்பு நுரை கலந்திருந்தது. அந்தத் தண்ணீரைப் பதினோரு வருடம் குடித்ததில் அவருடைய சிறுநீரகங்கள் போய்விட்டன. சிகிச்சைச் செலவை ஏற்க அரசாங்கம் ஆதாரம் கேட்கிறது. ஆதாரமோ அதே அரசாங்கத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. இப்போது டயாலிசிஸ் நடப்பது அவர் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தின் காப்பீட்டில். அந்த நிலையத்தை மார்ச்சில் மூடுகிறார்கள்; காப்பீடும் அதோடு போய்விடும்.

"முதல்ல மார்ச் விஷயத்தைச் சொல்லிடு," என்றேன்.

"அட போடி, நான் யாருன்னே சொல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?"

மைக்கைப் பிடித்தார். "நான் வெர்ல் ஸ்டக்கி. பதினோரு வருஷம் விமானப்படையில இருந்தேன்."

"அடடா, உங்க சேவைக்கு ரொம்ப நன்றி சார்!" என்று உறுப்பினர் துள்ளி எழுந்தார். "எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுங்க!"

எங்கள் ஊரில் படைவீரருக்குத் தட்டும்போது முதலில் நிறுத்துகிறவன் மரியாதை கெட்டவன். அதனால் ஒருவரும் நிறுத்தவில்லை. இந்த மனுஷனும் பழைய பழக்கத்தில் விறைத்து நின்றுவிட்டார். "பேசித் தொலையேன், வெர்ல்!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மணி அடித்தது. மைக் செத்தது.

வெர்ல் திரும்பி என்னைப் பார்த்தார். என் கைகளும் தட்டிக்கொண்டுதான் இருந்தன.