புகையில்லாத படம்

நூறு வயது நீராவி எஞ்சினை நாலு வருடம் அக்கக்காகப் பிரித்துப்போட்டுச் சரிசெய்து, அன்றுதான் மலைப்பாதையில் விடுகிறார்கள். ஒரே ஓட்டம், அடுத்தது மழைக்காலம் முடிந்துதான். புகைப்படக்காரி வளைவுப் பாலத்துக்கு எதிர்ப் பாறையில் காலையிலேயே இடம் பிடித்துவிட்டாள். மூன்று வருடம் நாயாய் அலைந்து கிடைத்த காலண்டர் அட்டைப்படம். எஞ்சின் தலையில் கரும்புகை இருந்தே ஆகவேண்டும் என்பது காலண்டர்காரரின் கண்டிப்பு.

அதற்கு அவளிடம் ஆள் இருந்தது. எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

“நெருப்பு ஒழுங்கா எரிஞ்சா புகையே வராதுக்கா. புகை விட்டா, வேலை தெரியாதவன்னு சிரிப்பாங்க,” என்று முந்தின நாள் மூக்கால் அழுதான்.

“சிரிச்சா சிரிக்கட்டும். பாறை மேல என் சிவப்புக் குடை விரிச்சிருக்கும். அதைப் பார்த்ததும் ரெண்டு ஷவல் கரியை மொத்தமா கொட்டு.”

அக்கா ஒற்றைக்காலில் நின்றால் அவன் என்ன செய்வான்? தலையாட்டினான்.

பாலத்துக்கு முந்தின ரயில் குகையைவிட்டு எஞ்சின் வெளியே வந்தது. புதுப் பச்சை வண்ணம், பளபளக்கும் பித்தளை. அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் நீள லென்ஸில், டிரைவருக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நோட்டும் கையுமாக இன்ஸ்பெக்டர். தம்பியை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எழுதவேண்டிய மனுஷன், சொல்லாமல் கொள்ளாமல் ஏறியிருக்கிறார்.

அவள் கேமராவை அப்படியே விட்டு ஓடிப்போய்க் குடையை மடக்கினாள். திரும்பிவந்து அமுக்கியபோது எஞ்சின் பாலத்தின் நடுவில் இருந்தது. புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம்.

“வண்டி நிக்குதாம்மா?” என்று கேட்டார் காலண்டர்காரர், படத்தைப் பார்த்துவிட்டு. அத்தோடு அட்டைப்படம் போயிற்று.

சாயங்காலம் தம்பி துள்ளிக்கொண்டு வந்தான். “பாஸ்க்கா! புகையே இல்லாம எரிச்சான்னு எழுதிட்டார். ஆமா, குடையை ஏன் விரிக்கலே?”

“காத்து அடிச்சுது.”

அவன் முகம் கழுவப் போனபோது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எஞ்சின் கூண்டின் ஓரத்தில் கழுத்தை நீட்டி அவன் குடையைத் தேடிக்கொண்டிருந்தான். கையில் ஷவல் நிறையக் கரி. ஒரு முழம் பின்னால் இன்ஸ்பெக்டர்.

“டேய், அவர் பின்னாடியே நிக்கிறாரே, நீ பார்க்கலையா?”

“பார்த்தேனே. நீதானே புகை கேட்டே?” என்றான், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. துண்டைப் பிடுங்கி, அவன் காதோரம் மிச்சமிருந்த கரியைத் துடைத்துவிட்டாள்.