இருபது கிலோமீட்டருக்குள் விளைந்தவை

என் கணவர் சம்பத்துக்கு ஜப்பான்காரர்கள் எது செய்தாலும் அழகு. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருக்கிறார். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போய் அவர்கள் மொழியைப் படித்தார். சாப்பிட்டு முடித்ததும் கைகூப்பித் தட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். நான் வைத்த ரசத்துக்கும் அந்தக் கும்பிடு உண்டு. 'நல்லாருக்கு வசு' என்று தமிழில் ஒரு வார்த்தைதான் கிடையாது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஒசாகாவுக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள். அது இவரா இன்னொருவரா என்பது மேலதிகாரி நொமுராவின் கையில் இருந்தது. நொமுராவின் மைத்துனர் இஷிதா, திருவிடந்தையைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு சின்ன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரியவர்களுக்கு அன்று இரவு அங்கேதான் விருந்து. மதியமே போய் எல்லாவற்றையும் ருசி பார்த்துச் சரி சொல்லவேண்டிய பொறுப்பை நொமுரா இவரிடம் கொடுத்திருந்தார். மனைவியையும் அழைத்து வரச் சொன்னாராம். அதனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நானும் போனேன்.

ஐப்பசி மாதம். கடலுக்கு மேல் வானம் கறுத்துக் கிடந்தது, ஆனால் மழை வரவில்லை. காற்று அடங்கிப் போயிருந்தது. தோப்பில் ஒரு சவுக்கு இலைகூட அசையவில்லை. வாசலில் கரும்பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள்: 'இங்கே பரிமாறப்படும் அனைத்தும் இருபது கிலோமீட்டருக்குள் விளைந்தவை. உரம் இல்லை, மருந்து இல்லை.'

உள்ளே நான்கே மேஜைகள். எங்கள் மேஜையில் ஒரு மண் குடுவை, அதில் ஒற்றைப் பூ. நுனி சிவந்து அடி மஞ்சளாக, இதழ்கள் மேல்நோக்கி வளைந்த செங்காந்தள். அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"இந்தப் பூவை எடுத்துடச் சொல்லுங்க" என்றேன்.

"அரசு மலர் வசு அது. ஒரு பூவை வச்சு எவ்வளவு அழகா அலங்காரம் பண்ணியிருக்கார் பாரு. உனக்கு எதுலதான் குறை இல்லை?"

எனக்கு மூலனூர்ப் பக்கம். எங்கள் காட்டில் கண்வலி போட்டிருந்தார்கள். ஊர் உலகத்துக்கு அது செங்காந்தள், எங்களுக்குக் கண்வலிக் கொடி. விதை மருந்துக் கம்பெனிக்குப் போகும். கிழங்கை ஆடு மாடு எட்டாத இடத்தில் பூட்டி வைப்போம். என் சித்தி லதா ஒருநாள் காலையில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அதை அரைத்துக் குடித்துவிட்டாள். குடித்தவள் துணி துவைத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். மாலையில்தான் வாந்தி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலையணைதான் தெரியும்.

பரிமாறிய பெண்ணின் பெயர் ரஞ்சிதா, திருவிடந்தைக்காரி. கோவளத்தில் காலையில் பிடித்த மீன், கல்லில் சுட்ட கத்தரிக்காய், எள் தூவிய முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாக வந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. சம்பத் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடித் திறந்தார். அடுப்பு மேடைக்குப் பின்னால் நின்ற இஷிதா, வெள்ளைத் தலைப்பட்டி கட்டிய ஒல்லி மனிதர், ஒவ்வொரு தடவையும் குனிந்து வணங்கினார்.

பிறகு ஒரு பெரிய மண்சட்டியை அணைத்துக்கொண்டு அவரே வந்தார். உள்பக்கம் வரிவரியாகக் கீறியிருந்த சட்டி. அதில் வெள்ளையாக ஏதோ அரைத்து வைத்திருந்தார். சுடுசோற்றின்மேல் கரண்டியால் ஊற்றிவிட்டு நெடுநேரம் பேசினார். அவருடைய கண்கள் பளபளத்தன.

"அவங்க ஊர்ல ஒரு கிழங்கு இருக்காம் வசு. பச்சையாவே துருவிச் சோத்துல ஊத்திச் சாப்பிடுவாங்களாம். இவரோட அம்மா மழைக்காலத்துல செய்வாங்களாம். இந்தியாவுல கிடைக்காதுன்னே நெனச்சிருந்தாராம். நேத்து இந்தத் தோட்டத்துலயே கிடைச்சிருக்கு! இன்னிக்கு ராத்திரி விருந்துக்கு இதுதான் விசேஷம்."

"பச்சைக் கிழங்கா? நீங்களும் பாத்துச் சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம்" என்றேன்.

"வச்சதை மிச்சம் வச்சா அவங்களுக்கு அவமானம்" என்று சொல்லிவிட்டு, தன் கிண்ணத்தை முடித்து என் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டார். "கொஞ்சம் கசக்குது. ஆனா கசப்புதானே உடம்புக்கு நல்லது."

இஷிதா ஏதோ மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். சம்பத் மொழிபெயர்த்தார்: "அவங்க ஊர்க் கிழங்கு வழவழன்னு நூல் மாதிரி இழுபடுமாம். துருவும்போது கை அரிக்குமாம். இது இழுபடவும் இல்லை, அரிக்கவும் இல்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத்தான் பதம் கொண்டுவந்தாராம். மண்ணு வேற இல்லையா, அப்படித்தான் இருக்கும்கிறார்."

ரஞ்சிதாவைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கிழங்கு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

"பின்னாடிதான்க்கா. மயத்தண்ணி போவ வாய்க்கா தோண்டுனாங்க. வேலியோரமா மண்ணுக்குள்ளேர்ந்து வந்துச்சு. சாரு பாத்ததும் கொயந்த மாதிரி குதிச்சாரு. அவுரே கையால பொறுக்கி எடுத்துகினு வந்தாரு, எங்கள கிட்டயே வுடல."

"வேலியில என்ன கொடி இருந்துச்சு?"

ரஞ்சிதா மேஜைமேல் இருந்த பூவைக் காட்டினாள். "இத்தாங்க்கா. ஜேசிபிக்காரன் எல்லாத்தியும் வாரிப் போட்டுட்டான். இந்த ஒண்ணுதான் தப்பிச்சுது."

சமையலறைக்குள் ஓடினேன். மேடைமேல் ஒரு மூங்கில் கூடை. கழுவித் துடைத்து அடுக்கிய கிழங்குகள், பழுப்புத் தோல், கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்து வளைந்தவை. சின்ன வயதில் சாக்குச் சாக்காகப் பார்த்தவை. எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். "இது கண்வலிக் கிழங்குங்க. விஷம். எங்க சித்தி இதைத் தின்னுதான் செத்தா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும். முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

சம்பத்தின் முகம் சிவந்தது. "மெதுவாப் பேசு. உனக்கு எதைப் பாத்தாலும் விஷம். போன மாசம் காளான், அதுக்கு முன்னாடி கோயில் பிரசாதம்."

"பாய்சன்! பாய்சன்!" என்று இஷிதாவைப் பார்த்துக் கத்தினேன். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆங்கிலம் தெரியாத அவர் ஒன்றும் புரியாமல் சம்பத்தைப் பார்த்தார்.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிடாதே வசு" என்று பல்லைக் கடித்தார் இவர்.

"உங்க வெண்ணெயில இடி விழ! சொல்லப் போறீங்களா இல்லையா?"

சம்பத் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு ஜப்பானியத்தில் பேசினார். இஷிதா உற்றுக் கேட்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளிறும் என்று காத்திருந்தேன். அவரோ மலர்ந்து சிரித்தார். என் பக்கம் திரும்பி இடுப்புவரை குனிந்து வணங்கினார். பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"பாத்தியா? விஷமில்லைன்னு அவரே சாப்பிட்டுக் காட்டுறாரு" என்றார் சம்பத்.

இவ்வளவு திமிரா ஒரு மனிதனுக்கு என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கிழங்கைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசலில் ரஞ்சிதாவின் கையைப் பிடித்து, "கூடையில இருக்கிறதை எல்லாம் குப்பையில கொட்டிடு" என்றேன்.

"நான் சொன்னா கேப்பாராக்கா? அதான் அண்ணன் அவுரு பாசையிலயே சொல்லிட்டாரே. எனக்கு இத்தோட டூட்டி முடிஞ்சுது, வூட்டுக்குக் கெளம்பிகினு கீறேன்" என்று கையை உருவிக்கொண்டாள்.

காரில் ஏறியபோது தூறல் போட்டது. சம்பத் பாட்டுப் போட்டுக்கொண்டு, தாளம் தட்டிக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "எனக்கு ஏதாவது ஆயிருக்கா பாரு" என்றார். சித்தியும் இப்படித்தான் இருந்தாள் என்று எப்படிப் புரியவைப்பது? என் வாய் வார்த்தைக்கு இந்த மனிதரிடம் என்றைக்கும் மதிப்பு இருந்ததில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பார். அது நினைவுக்கு வந்ததும் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தேன்.

"என்னங்க... என் கிண்ணத்தை நீங்க இழுத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் நானும் தின்னேன். தொண்டை எரியுது. கண்ணை இருட்டுது."

பாட்டு நின்றது. "வசு? வசு!" அவ்வளவுதான். கோவளத்தில் உள்ளே திரும்பிக் கேளம்பாக்கம் வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை மனிதர். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்னைப் படுக்க வைத்தார்கள். சஹானா என்று ஒரு இளம் டாக்டர் வந்து என் மணிக்கட்டைத் தொட்டதும் எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர். அவரைப் படுக்க வைங்க. ரெண்டு கிண்ணம் சாப்பிட்டிருக்கார்." கைப்பையைத் திறந்து கிழங்கை எடுத்து நீட்டினேன்.

சம்பத் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அடிக்கக் கை ஓங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. டாக்டரோ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கவில்லை. கிழங்கை மட்டும் பார்த்தார். கண்வலி விளையும் பக்கத்துப் பெண்ணாக இருக்கவேண்டும், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நர்சைக் கூப்பிட்டு மளமளவென்று ஏதோ சொன்னார். திட்டிக்கொண்டே படுத்த சம்பத்தின் மூக்கில் குழாய் ஏறியது, கையில் ஊசி ஏறியது. கரித்தூள் கரைத்த தண்ணீர் உள்ளே போனது. அப்போதும் அவர் நன்றாகத்தான் இருந்தார். ஒருவேளை நான்தான் தப்போ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. தப்பாக இருக்கட்டும், ஆயுசுக்கும் என்னைக் கேலி பண்ணட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம், வெளியே மழை வலுத்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். "வாயெல்லாம் மரத்த மாதிரி இருக்கு" என்றார். அடுத்த நிமிடம் கறுப்பாக வாந்தி எடுத்தார். நிற்கவே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் சித்தியின் தலையையும் எங்கம்மா இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் வந்தது நல்லது. ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்லமுடியும்" என்ற டாக்டர், "வேற யார் யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"அந்தச் சமையல்காரர். விஷம்னு சொல்லியும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டார்."

சம்பத் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாந்தியினாலா வேறெதனாலா தெரியவில்லை.

"நான் சொல்லலை வசு."

"என்ன சொல்லலை?"

"விஷம்னு சொல்லலை. உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். இப்படி ஒண்ணைச் சாப்பிட்டதே இல்லைன்னு நீ கத்தறதாச் சொன்னேன். அதான் அவர்..."

அந்த மனிதர் எனக்கு நன்றி சொல்லித்தான் குனிந்திருக்கிறார். நன்றி சொல்லித்தான் தின்றிருக்கிறார். கட்டிலில் கிடந்து துடிக்கும் கணவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. "நொமுராவைக் கூப்பிடுங்க. இப்பவே" என்றேன். அவர் கைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். குழாயும் ஊசியுமாகக் கிடக்கும்போதுகூட என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தார். நான் பிடுங்கிக்கொண்டு நானே அழைத்தேன். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, விருந்து இரவில்தானே என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டேன்.

மணி அடித்து நெடுநேரம் கழித்து நொமுரா எடுத்தார். பின்னால் பலர் சிரிக்கும் சத்தமும் கிண்ணங்கள் மோதும் சத்தமும் கேட்டன.

"மிஸ்டர் நொமுரா, நான் சம்பத்தோட மனைவி வசுமதி" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"ஓ, மிஸஸ் சம்பத்!" அவர் என்னை மேலே பேசவிடவில்லை. "விருந்தாளிகளோடு சுற்றிப் பார்க்கப் போன மகாபலிபுரத்தில் ஒரே மழை. அதனால் சீக்கிரமே வந்துவிட்டோம். உங்களுக்கு அந்தக் கிழங்கு அவ்வளவு பிடித்ததாமே? என் மைத்துனன் உங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் முதலில் அதையே பரிமாறச் சொல்லிவிட்டேன்."