இருபத்தேழாம் எண் சீட்டு

அந்தச் சீட்டை மார்ச் மாதம் கூடைக்குள் கைவிட்டு எடுத்தது வெர்லீன்தான். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் கர்ப்பிணிகள் உதவி மையம் புதன்கிழமைதோறும் அவள் போகும் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபைக்குச் சீட்டுகள் அனுப்பும். பேர் இருக்காது, ஓர் எண்ணும் நாலு வரி விவரமும்தான். எடுத்தவர் பிள்ளை பிறக்கும்வரை அந்த எண்ணுக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். வெர்லீனுக்கு வந்தது இருபத்தேழு. வயது இருபது, கல்யாணம் ஆகவில்லை, எட்டு வாரம். கலைத்துவிடலாமா என்று யோசிக்கிறாள். எல்லாரையும்விடத் தன் தாய்க்குத்தான் பயப்படுகிறாள்.

வெர்லீன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சபையின் டயப்பர் அலமாரி அவள் பொறுப்பு. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக அவள் பின்னிய குட்டித் தொப்பிகள் கென்டக்கி மாநிலத்தின் பாதித் தலைகளுக்குப் போதும். அன்று முதல் சாப்பாட்டு மேஜையில் ஒரு கையில் கணவன் ட்வைட்டையும் மறு கையில் மகள் டெஸ்ஸாவையும் பிடித்துக்கொண்டு, பீன்ஸ் ஆறிப்போகும்வரை ஜெபித்தாள். ஜெபத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கு. மீதிப் பாதி, அந்தப் பெண்ணைப் பெற்ற தாய்க்கு விழும் திட்டு.

"ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சுக்காரி மனச உடைச்சுப் போடும். பெத்த மகளே நடுங்குறான்னா, அவளெல்லாம் ஒரு தாயா!"

"ஆமென்" என்பான் ட்வைட், கரண்டியை எட்டிப் பிடித்தபடி.

டெஸ்ஸா கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். நாய் நாற்றம் வயிற்றைப் புரட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். "மகாராணி டயட்டுல இருக்காங்க" என்று அப்பன் கேலி செய்வான். வெர்லீனும் சிரித்தாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு நெஞ்சு எரியும்.

மே மாதம் அதே எண்ணுக்குப் புதுச் சீட்டு வந்தது. பதினாலு வாரம். கலைப்பதற்கு அந்தப் பெண் அடுத்த வியாழனுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதற்குத் தடையில்லாத இல்லினாய் மாநிலத்தில் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். வெர்லீன் வாரம் முழுக்க மன்றாடினாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொண்டை கட்டியே போயிருந்தது.

"பதினாலு வாரத்துப் பிஞ்சு, ஆண்டவரே..."

"பதினஞ்சு" என்றாள் டெஸ்ஸா.

வெர்லீன் கண்ணைத் திறக்கவில்லை. "சீட்டுல பதினாலுன்னுதான்டி போட்டிருக்கு."

"அது போன வாரச் சீட்டும்மா. நேத்தோட பதினஞ்சு."

வெர்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்தாள். மகளின் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. இத்தனை நாளும் அதே கை.

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ட்வைட். அவனுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஏறியதும் அவன் முகம் வெளிறிப்போனது.

"நாப்பது மைல் தள்ளி அந்த மையத்துக்குப் போனேன், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு" என்றாள் டெஸ்ஸா. "அந்தச் சீட்டு நம்ம வீட்டு மேஜைக்கே வரும்னு யாரு கண்டா? தினம் என் கையப் புடிச்சுக்கிட்டு உன்னையே நீ திட்டிக்கிட்டிருந்த. சிரிக்கிறதா அழறதான்னே தெரியல எனக்கு."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி? ஊருக்கெல்லாம் தொட்டில் தூக்கிக் குடுக்குறவகிட்ட!"

"லேசிக்கும்தான் குடுத்த."

கல்யாணமாகாத பெண் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் அவளுக்குச் சபை வளைகாப்பு நடத்தும். அது அங்கே பழைய வழக்கம். இரண்டு வருஷம் முன்பு, பதினேழு வயது லேசியைப் போதகரே விட்டுவிடலாம் என்றார். விடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றது வெர்லீன். லேசி வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பலூனெல்லாம் கட்டி விழா நடந்தது. குழந்தை பிறந்த மாதமே ஊரைவிட்டுப் போனவள், திரும்பவில்லை. நன்றி கெட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் வெர்லீன்தான்.

"புள்ள வேண்டாம்னா எட்டாவது வாரமே போயிருப்பேன்" என்றாள் டெஸ்ஸா. "ஆனா சபை முன்னால போயி நிக்கமாட்டேன். அதுக்கு வியாழக்கிழமையே மேல்."

"நீ நிக்க வேண்டாம். நான் நிக்கிறேன். எல்லார் முன்னாடியும் சொல்லட்டுமா?"

டெஸ்ஸா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லு பாப்போம். நீயாவது, சொல்றதாவது! நாளைக்கு ஜெபக்கூட்டத்துக்கு வருவேன், ஆனா வண்டிய விட்டு இறங்கமாட்டேன். நீ தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னா, அப்படியே இல்லினாய்க்குக் கிளம்பிருவேன்."

புதன்கிழமை ஜெபக்கூட்டம் தொடங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே டெஸ்ஸாவின் டிரக் உறுமிக்கொண்டே நின்றது. கூட்டம் நடத்தும் ஓபல் ஒவ்வோர் எண்ணாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இருபத்தேழு? வெர்லீன், நாளைக்குத்தானே? அந்தப் பாழாப்போன தாய்க்காரி இன்னும் இளகலையா?"

வெர்லீன் எழுந்தாள். லேசி நின்ற அதே இடத்துக்கு நடந்தாள்.

"அந்தத் தாய்க்காரி நான்தான்" என்றாள்.

ஓபல் வாயைத் திறந்தவள் மூடவில்லை. முன்வரிசையில் ஒருத்தி "ஐயோ ஏசுவே" என்றாள்.

"எம்மவ இங்க வந்து நிக்கமாட்டா. நிக்கவும் வேண்டாம். லேசிய இங்க நிக்க வச்சது நான். எம்புள்ள என்னைப் பார்த்து நடுங்குற மாதிரி வளர்த்ததும் நான். மன்னிப்பு நான்தான் கேக்கணும். கேக்குறேன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. டிரக்கின் உறுமல் மட்டும் கேட்டது. கிளம்பிவிடுவாளோ என்று வெர்லீன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

உறுமல் நின்றது. டிரக்கின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.